இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பும் பரம்பரையும்

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பினுள் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக 1952-ஆம் ஆண்டில் பொருத்திவைத்த டைட்டானியக் கருவியைச் சோதனை முடிந்தபின் வெளியே எடுக்க முற்பட்டபோது, எலும்பும் உலோகமும் பிரிக்க இயலாதபடி ஒன்றியிருந்ததைக் கண்டு வியந்ததையும், அந்த வியப்பே வளர்ந்து 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்துப் பற்களை அமைக்கும் துணிவாக முதிர்ந்ததையும் சென்ற அத்தியாயத்தில் விரிவாகக் கண்டோம். இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே உலோகத்தை, ஒரே வைத்தியர், ஒரே முறையில், ஏறத்தாழ ஒரே வயதுடைய இருவருக்குப் பதித்தபின், ஒருவருடைய தாடையில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்பு இம்ப்ளாண்டின் கழுத்தைவிட்டு இறங்காமல் நிற்க, மற்றொருவருக்கோ ஐந்தாறு ஆண்டுகளிலேயே அது பாதி ஆழம் கரைந்துபோகக் காரணம் யாது? வாயைத் துலக்கும் பழக்கம், புகையிலை, நீரிழிவு, கடிக்கும் விசை என்று பல காரணங்களைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் அவையெல்லாம் சமமாக இருக்கும்போதும் பலன் சமமாக இருப்பதில்லை என்கிற அனுபவம்தான், ஆராய்ச்சியாளர்களின் சிந்தனையைப் பரம்பரையின் பக்கம் திருப்பிற்று.

எலும்பு கரைகிறது என்று சொல்லும்போது எவ்வளவு கரைவதை நோய் என்று கொள்வது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இம்ப்ளாண்ட் பதித்த முதல் ஆண்டில் அதன் கழுத்தருகே எலும்பு சிறிது தணிவது இயற்கை. புண் ஆறும்போது தேகம் செய்துகொள்ளும் ஒழுங்கு அது. அதன்பின் ஆண்டொன்றுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் குறையலாகாது என்று ஆல்பிரெக்ட்சனும் அவருடைய சகாக்களும் 1986-இல் வகுத்த அளவுகோல் வெகுகாலம் உலகெங்கும் பிரமாணமாக விளங்கிற்று. 2017-இல் சிகாகோ நகரில் கூடிய உலக மாநாடு இதை இன்னும் நுட்பமாக்கி, ஈறு ரத்தம் கசிவது அல்லது சீழ் வடிவது, பக்கத்துப் பள்ளம் முன்னைவிட ஆழமாவது, எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தொடர்ந்து இறங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ் என்று வரையறுத்தது. பழைய படம் இல்லாதபோது, ரத்தக் கசிவோ சீழோ இருப்பதோடு பள்ளம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் எலும்பு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இறங்கியும் இருந்தால் அந்நோய் என்று கொள்ளலாம் என்றும் அது கூறியது. வாசகர்கள் இந்த அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு, எதை நோய் என்று எண்ணினார்கள் என்பதில் இருந்த வேற்றுமையே பெரிய காரணங்களுள் ஒன்றாகும்.

இம்ப்ளாண்ட் தோல்விகள் நோயாளிகளிடையே பரவலாகச் சிதறிக் கிடப்பதில்லை. ஒரு சிலரிடத்தில் திரண்டு நிற்கின்றன. ஒரு வாயில் ஒரு இம்ப்ளாண்ட் தோற்றால் அதே வாயில் இரண்டாவதும் தோற்கும் வாய்ப்பு மிகுகிறது என்பது 1990-களின் தொடக்கத்திலிருந்தே கவனிக்கப்பட்டு வந்துள்ளது. உலோகத்திலோ தொழில்திறத்திலோ மாத்திரம் குறை இருந்தால் தோல்வி அப்படி ஆளைத் தேர்ந்துகொண்டு வரமாட்டாது. ஆகவே, அந்த மனிதரிடத்தில், அவருடைய வாயிலோ ரத்தத்திலோ பழக்கத்திலோ, ஏதோ ஒன்று இருக்கிறது என்று அனுமானிப்பது நியாயமே.

இந்த அனுமானத்திற்கு மிகப் பலமான ஆதாரம், இம்ப்ளாண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து அல்லாமல் இயற்கைப் பற்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியிலிருந்து, அதிலும் தமிழ் மக்களின் வாய்களிலிருந்தே கிடைத்தது என்பதை நம்மவர்களுள் அறிந்தோர் சிலரே. நார்வே நாட்டவரான ஹரால்ட் லோயே என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், 1970-ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்திலுள்ள டன்சினன், ஹாரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, 14 வயதுக்கும் 31 வயதுக்கும் இடைப்பட்ட 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிக் குடும்பங்களின் சந்ததியினர் அவர்கள். பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள். பல் வைத்தியரை அணுகும் வசதி இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் அழுக்குப் படலமும் பற்காரையும் மிகுதியாக இருந்தன. எல்லோருடைய ஈறும் வீங்கிச் சிவந்திருந்தது. 1985 வரை அவர்களுள் எஞ்சியிருந்தோரைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்துப் பார்த்ததில் வெளிப்பட்ட உண்மை ஆச்சரியமானது. ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதுக்குள் பல்லைப் பிடித்திருக்கும் பற்று சராசரியாக 13 மில்லிமீட்டர் அளவு அழிந்துபோயிற்று. நூற்றுக்கு 81 பேருக்கு அது மிதமாக நடந்தது. எஞ்சிய 11 பேருக்கோ, ஈறு வீக்கத்துக்கு அப்பால் நோய் ஓர் அடியும் முன்னேறவில்லை. ஒரே மலை, ஒரே உணவு, ஒரே உழைப்பு, ஒரே விதமான கவனிப்பின்மை. ஆனால் பலன் மூன்று விதம்!

அந்த ஆராய்ச்சியில் யாருடைய மரபணுவும் சோதிக்கப்படவில்லை. ஆகையால் அந்த வேற்றுமைக்குப் பரம்பரையே காரணம் என்று அதை மட்டும் கொண்டு ஸ்தாபிக்க இயலாது. இன்ன கிருமி இன்னார் வாயில் குடியேறியது என்பதிலும், வெற்றிலை, புகையிலைப் பழக்கங்களிலும் அவர்களிடையே வேற்றுமை இருந்திருக்கலாம். எனினும், அழுக்கு ஒன்றே எலும்பு அழிவின் அளவைத் தீர்மானிக்கிறது என்று அதுவரை நிலவிய எளிய கொள்கையை அது அசைத்துவிட்டது. உலகின் பல் வைத்தியக் கல்லூரிகளிலெல்லாம் இன்று பாடமாக இருக்கும் இந்த ஞானத்தை அளித்தவர்கள், தங்கள் பற்களைக் காத்துக்கொள்ள ஒரு வழியும் வாய்க்காத ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு வைத்திய உலகம் பட்டிருக்கும் கடனை ஒவ்வொரு பாடநூலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பரம்பரையின் பங்கை நேராக அளந்தறிய இரட்டையர்களை நாடினார்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் மரபணுக்கள் முழுவதையும் பொதுவாகக் கொண்டவர்கள். இரு கருக்களிலிருந்து தோன்றியவர்களோ சாதாரண உடன்பிறந்தாரைப் போல் ஏறத்தாழப் பாதியையே பகிர்ந்துகொண்டவர்கள். முதல் வகையினரிடையே நோய் இரண்டாம் வகையினரிடையே இருப்பதைவிட அதிகமாக ஒத்திருந்தால், அந்த மிகுதிக்குப் பரம்பரையே பொறுப்பு. மிக்கலோவிச் என்பவரும் அவருடைய சகாக்களும் 117 ஜோடி இரட்டையர்களைப் பரிசோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, முதிர்ந்தோருக்கு வரும் எலும்பை அழிக்கும் ஈறு நோயில், ஒருவருக்கொருவர் காணும் வேற்றுமையில் ஏறத்தாழப் பாதிக்குப் பரம்பரை காரணமாகிறது. வெறும் ஈறு வீக்கத்திலோ அப்படி ஒரு பங்கு தென்படவில்லை. இதைப் பலர் பிழைபட உணர்கிறார்கள். ஒருவர் இழந்த எலும்பில் பாதியைப் பாட்டனார் கொண்டுபோனார் என்பதன்று இதன் பொருள். ஒரு கூட்டத்தாரிடையே காணப்படும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு பங்கைப் பரம்பரையின் ஏற்றத்தாழ்வு விளக்குகிறது என்பதே இந்தக் கணக்கு. தனிமனிதர் எவரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை.

பற்களைப் பற்றிய இந்தக் கணக்கை இம்ப்ளாண்டுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. ஏனெனில், பல்லும் இம்ப்ளாண்டும் எலும்பில் நிற்கும் விதம் வேறு. இயற்கைப் பல்லின் வேரை எலும்போடு இணைக்கும் நார்கள் வேரினுள் ஊன்றிக் குறுக்காக ஓடுகின்றன. ஈற்றில் எழும் அழற்சிக்கு அவை ஓர் அணையாகின்றன. இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள நார்களோ உலோகத்தில் ஊன்ற இயலாமல் அதை ஒட்டி இணையாக ஓடுகின்றன. ஆதலால் கழுத்தில் படிந்த கிருமிப் படலம் எழுப்பும் அழற்சி தடையின்றி எலும்பின் விளிம்பு வரை இறங்கிவிடுகிறது. இரண்டிலிருந்தும் எடுத்த திசுக்களை ஒப்பிட்டுப் பார்த்த சுவீடன் ஆராய்ச்சியாளர்கள், இம்ப்ளாண்டைச் சுற்றிய புண் பல்லைச் சுற்றியதைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்ததைக் கண்டார்கள். ஆக, தேகம் அழற்சியை எவ்வளவு உக்கிரமாக எழுப்புகிறது என்பது பல்லைவிட இம்ப்ளாண்டுக்கு அதிக முக்கியமாகிறது. அந்த உக்கிரத்தின் அளவை நிர்ணயிப்பதில்தான் மரபணுக்கள் பங்குகொள்கின்றன.

எலும்பு என்பது செத்த கல்லன்று. அதைக் கட்டும் செல்கள் ஒரு பக்கமும் கரைக்கும் செல்கள் மறு பக்கமும் ஓயாது வேலை செய்ய, அவ்விரண்டின் சமநிலையே எலும்பின் ஆரோக்கியம். கரைக்கும் செல்களைப் பிறப்பிக்கும் கட்டளையை ‘ரேங்க்-லிகண்ட்’ என்னும் புரதம் சுமந்து செல்கிறது. ‘ஆஸ்டியோபுரோட்டிஜெரின்’ என்னும் வேறொரு புரதம் அதை வழியிலேயே பற்றிக்கொண்டு, சேரவேண்டிய இடத்தைச் சேராமல் தடுக்கிறது. இந்தக் காவற்புரதத்தை 1997-இலும் கட்டளைப் புரதத்தை 1998-இலும் அறிந்தபோதுதான் எலும்பழிவின் ரகசியம் தெளிவாயிற்று. கிருமிகளைக் கண்ட வெள்ளணுக்கள் ‘இன்டர்லூக்கின்-1’ என்ற தூதுப்பொருளைச் சுரக்க, அது கட்டளைப் புரதத்தைப் பெருக்குகிறது. கட்டளை பெருகப் பெருக எலும்பு கரைகிறது. எனவே, இன்டர்லூக்கின்-1 பிறப்பால் அதிகமாகச் சுரக்கும் மனிதர் ஒருவர் இருப்பாரானால், அதே அளவு அழுக்குக்கு அவருடைய எலும்பு அதிகமாகக் கரையும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா?

இவ்வெதிர்பார்ப்பை முதன்முதலில் பிரசித்தமாக்கியவர் கோர்ன்மன் என்னும் அமெரிக்கர். இன்டர்லூக்கின்-1 சம்பந்தப்பட்ட மரபணுக்கள் மூன்றும் இரண்டாவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டில், குறிப்பிட்ட ஓரிடத்தில் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருக்கும் மாற்றத்தைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, புகைபிடிக்காதவர்களாயிருப்பினும், கடுமையான ஈறு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று 1997-இல் அவர் குழு அறிவித்தது; கடும் நோயாளிகளில் நூற்றுக்கு 86 பேரிடத்தில் இம்மாற்றமோ புகைப்பழக்கமோ இரண்டில் ஒன்று இருந்ததாம். இதைத் தொடர்ந்து அமெரிக்காவில் ஒரு மரபணுப் பரிசோதனையே விற்பனைக்கு வந்தது. விஞ்ஞானம் நடந்து வரும் வேகத்துக்கு முன்னே வியாபாரம் ஓடிவிடுவதற்கு இது ஓர் உதாரணம்; அப்படி ஓடியதனால் வந்த குழப்பத்தைப் பின்னர் காண்போம்.

இம்ப்ளாண்டுகளில் இதே மாற்றத்தைத் தேடியபோது கிடைத்த விடைகள் ஒருமுகப்படவில்லை. வில்சன், நன் ஆகிய இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மரபணு மாற்றத்துக்கும் இம்ப்ளாண்ட் தோல்விக்கும் தொடர்பு தென்படவில்லை. புகைபிடிப்போருக்கோ தோல்வி ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாயிருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தார் 2003-இல் கண்டது இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு செய்தி: முறையாகப் பராமரிக்கப்பட்டுவந்த நோயாளிகளில், புகைபிடிக்காதவர்களுக்கு இம்மாற்றம் இருப்பதனாலோ இல்லாததனாலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை, ஆனால் அதிகம் புகைபிடிப்போரிடையே, இம்மாற்றம் உள்ளவர்களின் எலும்பு மற்றவர்களுடையதைவிட மிகுதியாகக் கரைந்திருந்தது. என் கருத்தில், இத்துறையில் இதுவரை வெளிவந்தவற்றுள் சிந்தனைக்கு அதிக இடம் தருவது இந்த ஆய்வே. ஏனெனில், பரம்பரை தனித்து நின்று எலும்பை அழிக்கவில்லை; மனிதன் தானே கொண்டுவந்து வைத்த விஷத்தின் கையைத்தான் அது பலப்படுத்துகிறது என்று அது காட்டுகிறது.

மூன்றாவது மரபணுவைப் பற்றியும் ஒரு சொல். இன்டர்லூக்கின்-1-இன் செயலை அடக்கும் புரதத்தைப் பிறப்பிப்பது அது. அதனுள் 86 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் ஆளுக்கு ஆள் இரண்டு முதல் ஆறு முறை வரை திரும்பத் திரும்ப வருகிறது. நெதர்லாந்தில் லைனே என்பவரின் குழு 120 பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டதில், இரண்டே முறை வரும் வடிவம் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடமும், ஆரோக்கியமானவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடமும் காணப்பட்டது. இப்படியே காவற்புரதத்தின் மரபணு, திசுக்களைச் செரிக்கும் நொதிகளின் மரபணுக்கள், வைட்டமின்-டி ஏற்பியின் மரபணு என்று பலவும் பல நாடுகளில் ஆராயப்பட்டன. ஓரிடத்தில் தொடர்பு தெரிந்தது, மற்றோரிடத்தில் மறைந்தது.

இந்த முரண்பாட்டின் காரணம் மறைபொருளன்று. அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை சில டஜன் பேரையோ நூற்றுச் சொச்சம் பேரையோ கொண்டு நடந்தவை. தனித்தனியே சிறிய பலனுள்ள மரபணுக்களை அத்தனை சிறிய கூட்டத்தில் தேடும்போது, இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தோன்றுவது சகஜம். மேலும், ஒரு சமுதாயத்தில் பரவலாயிருக்கும் மாற்றம் வேறொன்றில் அரிதாயிருக்கிறது. கோர்ன்மன் கூறிய அந்த இரட்டை மாற்றம் ஐரோப்பிய வம்சத்தாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரிடம் காணப்பட, 300 சீனர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 2.3 பேரிடமே இருந்தது. சீனர்களுக்கு ஈறு நோய் வருவதில்லையா? வருகிறது. ஆகவே ஐரோப்பாவில் தயாரான பரிசோதனையைக் கொண்டு ஆசியாவில் ஜோசியம் சொல்லிவிட முடியாது. எலும்புத்துறை முழுவதற்குமே இது முன்னர் நேர்ந்த அனுபவந்தான். 1994-இல் ஆஸ்திரேலியர்கள் வைட்டமின்-டி ஏற்பியின் மரபணு ஒன்றே எலும்பின் அடர்த்தியைப் பெரிதும் நிர்ணயிப்பதாக அறிவித்து உலகத்தைக் கிளர்ச்சியுறச் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள், சில மாதிரிகளின் மரபணுக்களை வாசித்ததில் பிழை நேர்ந்திருந்ததை அவர்களே கண்டு திருத்தம் வெளியிட, அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிப்போயிற்று. பிழையைத் தாமே வெளிப்படுத்திய அந்த நேர்மையை நாம் போற்றத்தான் வேண்டும்.

ஒரே மரபணு தீர்ப்பளிக்கும் நோய்களும் உண்டு. பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் 1924-இல் விவரித்த நோயில், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிப்பதோடு, பால்பற்களும் பின்னர் நிலைத்த பற்களும் முளைத்த சில ஆண்டுகளிலேயே எலும்பழிந்து உதிர்ந்துவிடுகின்றன. பதினொன்றாம் குரோமோசோமிலுள்ள கதெப்சின்-சி என்னும் மரபணு பழுதுபடுவதே இதற்குக் காரணம் என்று 1999-இல் தெளிவாயிற்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய் தோன்றும். ஆதலால் நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இது சற்று மிகுதி. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதை வைத்தியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இத்தகைய இளைஞர்களுக்கு இம்ப்ளாண்ட் பதித்துப் பலன் கண்டதும் உண்டு, அதைச் சுற்றியும் எலும்பு கரைந்து தோற்றதும் உண்டு. ஆனால் இலட்சத்தில் ஒருவருக்கும் வராத இந்நோயை வைத்து, எல்லோருடைய எலும்பும் ஒரு மரபணுவின் கையில் இருப்பதாக நினைப்பது தவறு.

முன்னர் சொன்ன குழப்பத்துக்கு வருவோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 5117 பேரின் பல ஆண்டுக் காப்பீட்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, புகைப்பழக்கம், நீரிழிவு, இன்டர்லூக்கின்-1 மாற்றம் ஆகிய மூன்றும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பல் சுத்தம் செய்வதால் ஒருமுறையைவிடப் பெரிய அனுகூலம் இல்லை என்று 2013-இல் எழுதினார்கள். மற்றவர்கள் அதே விவரங்களை மறுபடி கணக்கிட்டு, மரபணுப் பரிசோதனையை நம்பித் தடுப்புச் சிகிச்சையைக் குறைக்க அதில் ஆதாரமே இல்லை என்று 2015-இல் மறுத்தார்கள். என் சார்பு பின்னவர் பக்கம். ஒரு பரிசோதனையில் ‘மாற்றம் இல்லை’ என்ற விடை வந்ததனால் ஒருவர் பராமரிப்பைக் கைவிடுவாரானால், அந்தப் பரிசோதனை அவருக்கு உபகாரம் செய்ததாகாது. அபகாரமே செய்ததாகும்.

2017-இன் சிகாகோ மாநாடு, கடுமையான ஈறு நோய் முன்பே இருந்தது, வாய்ச் சுத்தம் போதாதது, முறையான மறுபரிசோதனைக்கு வராதது ஆகிய மூன்றையும் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸுக்குப் பலமான காரணங்களாகக் கண்டது. புகையிலையையும் நீரிழிவையும் பற்றிய சான்று இன்னும் முடிவாகவில்லை என்றது. இம்மூன்றில் முதலாவதைக் கவனியுங்கள். ஈறு நோயால் பல்லிழந்தவர் என்பது, அவருடைய மரபணுக்கள், கிருமிகள், பழக்கங்கள் எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகளில் எழுதிவைத்த கூட்டு விடை. ஓர் எழுத்தின் மாற்றத்தைக் காட்டும் எந்தப் பரிசோதனையும் இவ்வளவு செய்தியைச் சொல்லாது.

ஆகையால் இம்ப்ளாண்ட் பதித்துக்கொள்ள எண்ணும் வாசகர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பற்கள் எதனால் விழுந்தன என்பதையும், தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் நடுவயதிலேயே ஆடிய பற்களை இழந்தார்களா என்பதையும் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். புகைபிடிப்பவராயின், பதிப்பதற்கு முன்பே அதை விட்டுவிடுங்கள். பதித்த அன்று எடுத்த எக்ஸ்-ரே படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வைத்தியர் குறித்துக் கொடுத்த தவணைகளில் தவறாமல் சென்று, புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.